கடைசி இரண்டு குழிகள்

பாட்டனார் வைத்த கடையில் ஓர் அலமாரியை நகர்த்தவே நம் வீடுகளில் பஞ்சாயத்து நடக்கும். வட அயர்லாந்தில், கடலோரம் 1888-இல் தொடங்கிய ராயல் போர்ட்ரஷ் கோல்ப் சங்கத்தார் அதைவிடத் துணிந்துவிட்டார்கள்.

1951-இல் அங்கு நடந்த ஓப்பன் போட்டி பிறகு திரும்பவேயில்லை. வரவழைக்க வேண்டுமானால் கூட்டத்துக்கும் கூடாரங்களுக்கும் இடம் வேண்டும். ஹாரி கோல்ட் வகுத்த மைதானத்தில் யார் கை வைப்பது? மார்ட்டின் ஈபர்ட் என்ற வடிவமைப்பாளர் கடைசி இரண்டு குழிகளைக் கழித்துவிட்டு, சங்கத்தின் இன்னொரு மைதானத்து மணல்மேட்டில் 7, 8-ஆம் குழிகளைப் புதிதாக அமைத்தார். பழைய 17-இல் பெயர்பெற்ற 'பிக் நெல்லி' மணற்பள்ளத்தைப் போலவே புதிய 7-இலும் ஒன்று வெட்டினார். (பழைய தராசை இன்னும் கல்லாவின் அருகில் வைத்திருக்கிறோமே, அந்த மாதிரி!)

விட்ட இடத்தில் கூடாரங்கள் எழுந்தன. 68 ஆண்டுகள் கழித்து, 2019-இல் ஓப்பன் வந்தது. இரண்டு லட்சத்துக்கு மேல் கூட்டம். 2025-இல் மறுபடியும் வந்தது.