13 தையல், 5-0 தோல்வி: சதீஷ் குமாரின் இடம் எது?

ஆர்யா நடித்த 'சார்பட்டா பரம்பரை' அமேசான் பிரைமில் வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் முழுக்க கபிலனும் வேம்புலியும். அந்த நேரத்தில், 2021 ஆகஸ்ட் 1 ஞாயிற்றுக்கிழமை காலையில், டோக்கியோவின் கொகுகிகான் அரங்கில் ஒரு நிஜ இந்திய பாக்ஸர் ரிங்கில் ஏறினார். முகத்தில் 13 தையல். தாடையில் 7, நெற்றியில் 6.

அவர் சதீஷ் குமார். உத்தரப் பிரதேசத்தின் புலந்த்சாகரைச் சேர்ந்த ராணுவ வீரர். 91 கிலோவுக்கு மேற்பட்ட 'சூப்பர் ஹெவிவெயிட்' பிரிவில் ஒலிம்பிக் சென்ற முதல் இந்தியர். அன்று எதிரே நின்றவர் உஸ்பெகிஸ்தானின் பகோதிர் ஜலோலோவ், அப்போதைய உலக சாம்பியன். மூன்றாவது ரவுண்டில் சதீஷின் நெற்றிக் காயம் மறுபடியும் திறந்துகொண்டது. ரத்தத்தோடு கடைசி மணி வரை நின்றார். முடிவு 5-0, ஜலோலோவுக்கு.

அடுத்த சில நாட்கள் சோஷியல் மீடியாவில் 'சிங்கம்', 'தோற்றாலும் ஹீரோ' என்று பாராட்டு மழை. ஜெயித்தவனை வாழ்த்துகிற மாதிரி வாழ்த்துகிறார்கள் என்று சதீஷே சொன்னார். அந்தப் பாராட்டு நியாயமானதுதான். ஆனால் அதோடு பேச்சு முடிந்துபோனது. அவர் எந்த அளவுக்கு நல்ல பாக்ஸர், அவருக்குப் பிறகு என்ன, இதையெல்லாம் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

5-0 என்றால் என்ன அர்த்தம்?

ஐந்து தடவை அடித்தார் என்று அர்த்தம் இல்லை. ஒலிம்பிக் பாக்ஸிங்கில் மூன்று நிமிட ரவுண்டுகள் மூன்று. ஐந்து நடுவர்கள் தனித்தனியாக மார்க் போடுவார்கள். ஒவ்வொரு ரவுண்டிலும் மேலோங்கியவருக்கு 10, மற்றவருக்கு 9 அல்லது அதற்கும் கீழே. ஐந்து பேருமே ஜலோலோவ்தான் ஜெயித்தார் என்றால் 5-0. சதீஷ் சில நல்ல வலது குத்துகளை இறக்கினார், உண்மைதான். ஆனால் ஆட்டம் யார் கையில் இருந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

அதற்காக சதீஷ் சாதாரண ஆள் இல்லை. 2014 இஞ்சியான் ஆசிய விளையாட்டில் வெண்கலம், 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த்தில் வெள்ளி. டோக்கியோவுக்குப் போன ஐந்து இந்திய ஆண் பாக்ஸர்களில் ஒரு ஆட்டமாவது ஜெயித்தவர் இவர் மட்டும்தான். ஜமைக்காவின் ரிகார்டோ பிரவுனை 4-1 என வென்றார். முகம் கிழிந்தது அந்த வெற்றியில்தான்.

ஜலோலோவையும் தாண்டியிருந்தால்? பதக்கம் உறுதி. பாக்ஸிங்கில் அரையிறுதியில் தோற்கும் இருவருக்குமே வெண்கலம் உண்டு. அதாவது சதீஷுக்கும் பதக்கத்துக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு ஆட்டம். மனைவியும் அப்பாவும் வேண்டாம் என்று சொல்லியும் அவர் ஏன் இறங்கினார் என்பது இப்போது புரியும்.

இறங்க விட்டது சரியா?

டாக்டர் பார்த்து அனுமதி கொடுத்தால்தான் ரிங்கில் ஏற முடியும். சதீஷும் அப்படித்தான் ஏறினார். ஆனால் காயத்தோடு ஏறுவது இந்தக் காலத்தில் கூடுதல் ரிஸ்க். 2013 முதல் சர்வதேச ஆண்கள் போட்டிகளில் ஹெட்கியர் கிடையாது. தலைக்குள் ஏற்படும் அதிர்ச்சி குறையும் என்று சொல்லி அதை எடுத்தார்கள். தோல் கிழிவது அதிகமானது.

அரையிறுதியில் நடந்ததையும் பாருங்கள். அதே ஜலோலோவோடு இங்கிலாந்தின் ஃபிரேசர் கிளார்க் மோதினார். கோல்டு கோஸ்ட் ஃபைனலில் சதீஷை வென்றவர் இவர்தான். கண்ணுக்கு மேலே வெட்டுக் காயம், மூன்றாவது ரவுண்டில் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். கிளார்க்கை யாரும் கோழை என்று சொல்லவில்லை.

'பாக்ஸரே தயார் என்கிறாரே' என்பது பலவீனமான வாதம். பாக்ஸர் எப்போதுமே தயார் என்றுதான் சொல்வார். 1980-ன் தொடக்கத்தில் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடியது பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும்; முதல்வர் எம்.ஜி.ஆர். வரவேற்ற அதே அலி, அந்த அக்டோபரில் 38 வயதில் லாரி ஹோம்ஸிடம் பத்து ரவுண்டு அடி வாங்கினார். அவராக நிறுத்தவில்லை. ட்ரெய்னர் ஏஞ்சலோ டண்டிதான் போதும் என்றார். அப்போதும் அலி கேட்கவில்லை, 1981-ல் இன்னொரு ஆட்டம் ஆடித் தோற்றார். 1984-ல் பார்கின்சன்ஸ் என்று டாக்டர்கள் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் குத்துகளே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நிறுத்தும் முடிவை பாக்ஸர் கையில் விடக்கூடாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

32 வயதில் முதல் ஒலிம்பிக்

சதீஷின் உண்மையான பிரச்சினை அந்த 13 தையல் இல்லை, வயசு. சின்ன வயதில் அவர் கபடி ஆடியவர். 2008-ல் ராணுவத்தில் சேர்ந்த பிறகு, அவருடைய உயரத்தைப் பார்த்த கோச்கள் பாக்ஸிங் பக்கம் திருப்பினார்கள். கிட்டத்தட்ட 19 வயதில்தான் கிளவுஸ் மாட்டினார். ஒலிம்பிக் போகும்போது 32.

ஜலோலோவும் ஒலிம்பிக் காலிறுதியில் தோற்றவர்தான். 2016 ரியோவில் பிரிட்டனின் ஜோ ஜாய்ஸிடம். ஆனால் அப்போது அவருக்கு 22 வயது. திரும்பி வந்து 2019-ல் உலக சாம்பியன், டோக்கியோவில் தங்கம், 2024 பாரிஸில் மறுபடியும் தங்கம். நடுவிலேயே புரொஃபஷனல் பாக்ஸிங்கும் ஆடி அனுபவம் சேர்த்துக்கொண்டார். இரண்டு பேரும் விழுந்தது ஒரே காலிறுதியில். 22-ல் விழுந்தவருக்கு அது பாடம் ஆனது. 32-ல் விழுந்தவருக்கு அதுவே ஏறக்குறைய உச்சம் ஆகிவிட்டது. இதில் சதீஷின் தவறு என்ன இருக்கிறது? இந்தியா அவரைக் கண்டுபிடித்ததே லேட். அதுவும் தேடிப் போய் இல்லை. ராணுவத்துக்கு வந்தவர் தற்செயலாகக் கண்ணில் பட்டார்.

இப்போ அந்த இடத்தில் யார்?

2022 பர்மிங்காம் காமன்வெல்த்துக்கு சூப்பர் ஹெவிவெயிட்டில் போனது இளம் வீரர் சாகர் அலாவத். சதீஷைப் போலவே ஃபைனலில் ஓர் இங்கிலாந்து வீரரிடம் தோற்று வெள்ளி. ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நரேந்தர் பெர்வால் வெண்கலம். ஆக, சதீஷ் எட்டிய படிக்கட்டு வரைக்கும் அடுத்த ஆட்களும் வருகிறார்கள். அதற்கு மேலேதான் சிக்கல். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 92 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவில் இந்தியா சார்பில் யாருமே இல்லை. தகுதி பெற்ற ஆண்கள் இரண்டே பேர், அமித் பங்கல், நிஷாந்த் தேவ். இருவருமே எடை குறைந்த பிரிவுகள்.

'சதீஷோட காலம் முடிஞ்சுதா?' என்று கேட்டால், ஒலிம்பிக் கணக்கில் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் இந்திய சூப்பர் ஹெவிவெயிட்டில் அவர் தொட்ட காலிறுதியை அதற்குப் பிறகு எந்த இந்தியரும் தொடவில்லை. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பாக்ஸிங் இருக்குமா என்ற சந்தேகமும் 2025 மார்ச்சில் தீர்ந்துவிட்டது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி ஓகே சொல்லிவிட்டது. அந்தப் போட்டி நடக்கும்போது சதீஷுக்கு 39 வயது. அங்கே முதல் ஆட்டத்தில் ஆட வேண்டிய 22 வயது இந்தியப் பையன், இன்றைக்கு எங்கேயோ ஒரு ஊரில் உயரமாக வளர்ந்து கபடி ஆடிக்கொண்டிருக்கலாம்.