துண்டும் ஏலமும்

மலைநாட்டில் இருவர் கூடும் இடத்தில் மூன்றாவதாகக் கிரிக்கெட் வந்து அமர்ந்துகொள்கிறது. ஹட்டன் பஸ் நிலையத்தை அடுத்த தேநீர்க் கடையாகட்டும், நுவரெலியாவின் காய்கறிச் சந்தையாகட்டும், கொழுந்து நிறுத்து முடிந்தபின் இளைஞர் கூடும் தோட்டத்து முச்சந்தியாகட்டும், பேச்சு எங்கே தொடங்கினும் பந்தாட்டத்திலேதான் முடிகிறது. ஆட்டம் நடைபெறும் காலத்தில் ஓட்டங்களைப் பற்றி வாதம். ஆட்டம் ஓய்ந்த காலத்தில் ஆட்களைப் பற்றி வாதம். யாரைக் கொடுத்து யாரை வாங்குவது? மூத்தவனைப் பேணுவதா, முளைவிடும் இளையவனை நம்புவதா? இந்திய பிரீமியர் லீக் என்னும் பெருஞ்சந்தை 2008ஆம் ஆண்டு திறந்த நாள்முதல் இவ்வழக்குகளுக்கு முடிவே இல்லை.

2025ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் தேதி, எவரெவரை வைத்துக்கொள்வது என்று அணிகள் அறிவிக்க வேண்டிய கடைசி நாள். அன்று சென்னை அணி ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து, அதற்கு மாற்றாகச் சஞ்சு சாம்சனைப் பெற்றுக்கொண்டது. 2012 முதல் சென்னையின் மஞ்சட் சட்டையோடு பழகிய முகம் ஜடேஜாவுடையது. 2023ஆம் ஆண்டின் இறுதி ஆட்டத்தில் கடைசி இரு பந்துகளில் ஆறும் நான்கும் அடித்துக் கிண்ணத்தைக் கொணர்ந்த கை அவருடையது. அத்தகையவரைக் கொடுப்பதா என்று ஒரு சாரார் பொருமினர். தோனிக்குப் பின் விக்கெட் காக்கவும் மட்டை பிடிக்கவும் ஓர் ஆள் வேண்டாமா என்று மறு சாரார் கேட்டனர்.

அடுத்த மாதம் அபுதாபியில் நடந்த ஏலத்தில் வாதத்துக்கு மேலும் விறகு கிடைத்தது. கண்டியில் பிறந்த மதீஷ பத்திரனவை முந்திய ஆண்டில் 13 கோடி இந்திய ரூபாய்க்கு வைத்திருந்த சென்னை விடுவித்துவிட, கொல்கத்தா அவரை 18 கோடிக்கு எடுத்தது. சென்னையோ, இந்திய அணிக்கு இன்னும் ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்னும் இரு இளைஞரைத் தலைக்கு 14.20 கோடி கொடுத்து வாங்கியது. அவர்களுக்கு முதலில் குறித்த விலை 30 இலட்சந்தான். காய்த்த மரத்தை விற்று நாற்று வாங்கிய கதை இது என்பார் சிலர். நாற்று வாங்காத தோட்டம் பாழாகும் என்பார் வேறு சிலர். கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கி இளங்கன்று நடுவதன் நன்மையும் நட்டமும் அறிந்த மக்களுக்கு இவ்வழக்கின் இரு பக்கமும் நன்றாகவே விளங்கும்.

இவ்வாதங்களை ஊன்றிக் கேட்போருக்கு ஒன்று புலப்படும். பேசுகிறவர் எவரும் ஆட்டக்காரனின் இடத்தில் நின்று பேசுவதில்லை. உடைமையாளரின் நாற்காலியில் அமர்ந்தே பேசுகின்றனர். “நாம் கொடுத்தோம், நாம் எடுத்தோம், நமக்கு நட்டம்” என்பதே அவர்களுடைய இலக்கணம். இரசிகனுக்கு இஃது இயல்பே. ஆயினும் மலைநாட்டு மண்ணில் நின்று “ஆளைக் கொடுத்தோம், ஆளை எடுத்தோம்” என்று சொல்லும்போது அச்சொல்லுக்கு அடியில் ஒரு பழைய சொல் புதைந்து கிடக்கிறது. அதன் பெயர் துண்டு.

தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து தோட்டத்துக்கு ஆள் சேர்த்தவர் கங்காணி. ஊரில் கொடுத்த முன்பணம், வழிச்செலவு, போர்த்திய கம்பளி, உண்ட அரிசி எல்லாம் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறின. வேலைக்கு இறங்கிய ஆளுக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசும் கிடைத்தது. தலைகள் பெருகின் காசு பெருகும். கங்காணி தம் கூட்டத்தை வேறு தோட்டத்துக்குக் கொண்டுபோக எண்ணினால், துரையிடம் ஒரு சிறு சீட்டுப் பெற வேண்டும். ‘இக்கூட்டத்தின் கடன் இவ்வளவு, இதைச் செலுத்துவோருக்கு ஆட்களை விட்டுவிடுகிறேன்’ என்பது அச்சீட்டின் சாரம். அதுவே துண்டு. புதிய தோட்டம் பணத்தைச் செலுத்தும். பழைய தோட்டம் ஆட்களை விடும். கடன் மட்டும் தீராது. புதிய தோட்டத்துப் பேரேட்டில் அதே ஆளின் பெயரிலேயே அது மறுபடி எழுதப்படும்.

ஆள் பற்றாக்குறை மிகுந்த காலங்களில் தோட்டங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டன. கங்காணிமார் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு தோட்டந்தோட்டமாக விலை பேசினர். விலை ஏற ஏறக் கடனும் ஏறியது. இன்று ஓர் ஆட்டக்காரனுக்காக இரண்டு அணிகள் மாறி மாறிக் கை உயர்த்தினால் அவனுடைய செல்வம் உயர்கிறது. அன்று ஒரு தொழிலாளிக்காக இரண்டு துரைமார் போட்டியிட்டபோது அவனுடைய கடன் உயர்ந்தது. சந்தை ஒன்றே; கணக்கின் எந்தப் பக்கத்தில் பெயர் எழுதப்படுகிறது என்பதே வேறுபாடு. இந்தத் துண்டு முறை 1921ஆம் ஆண்டில் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

அதற்கு முந்திய ஆண்டாகிய 1920இல் தென்னிந்தியாவிலிருந்து மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர்களுள் ஒருவர், முத்தையா முரளிதரனின் தாத்தா. பின்னர் அவர் தம் பெண்மக்களுடன் தாயகம் திரும்பினார். ஆண்மக்கள் இலங்கையில் தங்கினர். அவர்களுள் ஒருவர் கண்டிக்கு அருகே பிஸ்கட் தொழிற்சாலை நடத்தினார். அவருடைய மைந்தர் கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் பந்து வீசப் பழகி, 2010ஆம் ஆண்டு காலியில் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டைச் சாய்த்து ஓய்வு பெற்றார். அவரைச் சென்னை அணி 2008இல் ஆறு இலட்சம் டாலருக்கு எடுத்தது. 2011இல் கொச்சி அணி பதினொரு இலட்சம் டாலருக்கு எடுத்தது. மறு ஆண்டு பெங்களூர் 2,20,000 டாலருக்கு எடுத்தது. ஒரு கடலைத் தாண்டிக் கூலிக்கு வந்தவரின் பேரனை, அதே கடலுக்கு அப்பால் நின்று கோடிகளால் அழைத்தனர். தொகை ஏறியதும் இறங்கியதும் அவருடைய வரவாகவே அமைந்தது. அவர் பெயரில் எவரும் கடன் எழுதவில்லை.

இந்நிலை விளையாட்டு உலகில் தானாக வந்ததன்று. ஆள் மாற்றும் வாணிகத்தை ஒரு பெருங்கலையாக வளர்த்த நாடு அமெரிக்கா. அங்கே பேஸ்பால் பருவத்தின் நடுவில், பெரும்பாலும் ஜூலை மாத இறுதியில், மாற்றத்துக்குக் கடைசி நாள் ஒன்று உண்டு. அன்று இரசிகர் படும் பாடு நம்மவர் ஏலத்தன்று படும் பாட்டுக்குக் குறைந்ததன்று. கிண்ணத்தை வெல்லத் துடிக்கும் அணி தன் இளம் முளைகளைக் கொடுத்துப் பெயர்பெற்ற வீரனை வாங்கும். தோற்கும் அணி வீரனைக் கொடுத்து முளைகளைச் சேர்க்கும். நெடுங்காலம் வரை இதில் ஆட்டக்காரனுக்கு வாயே இல்லை.

1969ஆம் ஆண்டு செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியினர், தம்மிடம் பன்னிரண்டு ஆண்டு ஆடிய கர்ட் ஃப்ளட் என்னும் கறுப்பின வீரரைப் பிலடெல்பியாவுக்கு மாற்றினர். அவர் போக மறுத்தார். தம்மைக் கேளாமல் வாங்கவும் விற்கவும் தாம் ஒரு பொருளல்லர் என்று தலைமை ஆணையருக்கு எழுதினார். ஆண்டுக்குத் தொண்ணூறாயிரம் டாலர் பெறுகிறவருக்கு என்ன குறை என்று பலர் கேட்டனர். கூலி மிகுதியாக இருப்பதால் அடிமைத்தனம் வேறொன்றாகிவிடாது என்பது அவருடைய விடை. 1972இல் உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் அவர் தோற்றார். ஆட்ட வாழ்வும் அதற்கு முன்பே முடிந்திருந்தது. ஆயினும் 1973இல், பத்தாண்டு ஆடி அவற்றுள் கடைசி ஐந்தாண்டை ஒரே அணியில் கழித்த வீரன் மாற்றத்தை மறுக்கலாம் என்ற விதி வந்தது. 1975 இறுதியில், அணி தன் வீரனைக் காலவரையின்றிக் கட்டிவைக்கும் விதியே ஒரு நடுவர் தீர்ப்பால் உடைந்தது. இந்திய லீக்கில் இன்று வீரனுடைய சம்மதமின்றி எந்த மாற்றமும் செல்லாது. ஜடேஜா ராஜஸ்தானுக்குப் போனதும் அவருடைய இசைவோடுதான்.

இசைவு கேளாமல் நடந்த மாற்றம் எத்தகையது என்பதை மலைநாடு விளையாட்டில் கண்டதில்லை, வாழ்க்கையில் கண்டது. 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் தேதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். நாடற்றிருந்த 9,75,000 பேர் கணக்கில் எடுக்கப்பட்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு; 3,00,000 பேர் இலங்கைக்கு. மிஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு இரு நாடுகளும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. அம்மக்களிடமோ அவர்களுடைய தலைவர்களிடமோ கலந்துகொள்ளாமலே முதற்கணக்கு முடிந்தது. ஒரே லயத்தில் பிறந்த அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி மறு நாட்டுக்கும் ஆயினர். தலைமன்னார்க் கப்பலுக்குப் புறப்பட்ட கோச்சியின் சன்னலைப் பிடித்துக்கொண்டு நிலைய மேடையில் ஓடிய கைகளை மறந்தவர் அத்தலைமுறையில் இல்லை. அவ்வொப்பந்த நாள்முதல் இங்கேயே வாழ்ந்துவந்து எஞ்சியோர்க்குக் குடியுரிமை தரும் சட்டம் வர 2003ஆம் ஆண்டு ஆயிற்று.

ஆகவே, ஹட்டனில் ஓர் இளைஞன் பதினெட்டுக் கோடி மிகையா குறையா என்று வாதிடும்போது, அவனை வீணன் என்று சிரிப்பதற்கில்லை. ஒரு நாள் உழைப்புக்கு ஆயிரம் ரூபாய் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடி, 2021இல்தான் அதைப் பெற்ற வீட்டில் அவன் வளர்ந்தவன். ஆள் ஒருவனின் பெறுமதி எவ்வாறு கணிக்கப்படுகிறது என்ற கேள்வி அவனுக்கு வெறும் பொழுதுபோக்கன்று. சமதரை அரிதான சரிவுகளில், பெரட்டுக்களத்திலும் தேயிலைத் தொழிற்சாலை வாயிலிலும் பந்து வீசும் சிறுவர்களைப் பார்க்கப் பெரிய அணிகளின் தரகர் எவரும் வருவதில்லை என்பதும் அவன் அறிந்ததே. முரளிதரனுக்கு வழிதிறந்தது ஒரு நகரப் பள்ளியின் மைதானமும் நல்ல பயிற்சியாளரும். அவை லயத்துப் பிள்ளைக்கு எட்டும் நாளில்தான் ‘வளரும் வீரன்’ என்ற சொல்லுக்கு இம்மலைகளில் பொருள் உண்டாகும்.

வாதம் நடக்கட்டும். கொடுத்தது தவறா, எடுத்தது சரியா என்று தேநீர் ஆறும்வரை பேசட்டும். ஆனால் விலையைப் பேசுமுன் ஒரு கேள்வியைக் கேட்கும் வழக்கம் அவ்வாதத்துக்குள் நுழையுமாயின், துண்டையும் கோச்சியையும் கண்ட முன்னோர்க்கு அதைவிடப் பெரிய நினைவுச்சின்னம் வேண்டியதில்லை. அக்கேள்வி மிகச் சிறியது: ‘அவன் சம்மதித்தானா?’