மேஜை மேலே ஒரு குட்டிக்கரணம்!

1996 ஏப்ரல் 19. லண்டன், செயின்ட் பாங்க்ரஸ் ரயில் நிலையம். அதன் முகப்பில் செங்கல் கோட்டை மாதிரி ஒரு பழைய ஹோட்டல் எழுந்து நிற்கும். 'ஹாரி பாட்டர்' இரண்டாவது படத்தில் பறக்கும் கார் மேலே கிளம்பும்போது பின்னால் தெரியுமே, அதேதான்! ஹோட்டலாக இருந்த காலத்தில் அதன் பெயர் மிட்லண்ட் கிராண்ட். 1873இல் திறந்து, பணக்காரப் பயணிகள் தங்கிப்போய், 1935இல் மூடிவிட்டார்கள். பிறகு ரயில்வே அலுவலகமாகப் பல காலம் ஓடியது. கடைசியில் அதுவும் காலி. ஆள் புழங்காத அந்தக் கட்டடத்தின் மாடிப்படிகளில், எலும்பு வரை இறங்கும் குளிரில், ஐந்து பெண்கள் ராத்திரி முழுக்க ஏறி இறங்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். வெளியே யாருக்கும் அவர்களைத் தெரியாது. இன்னும் மூன்றே மாதம், அதற்குள் பிரிட்டன் முழுக்க அவர்கள் பேச்சுத்தான்!

ஸ்பைஸ் கேர்ள்ஸின் முதல் பாட்டு 'வான்னபி'க்கு வீடியோ எடுத்த இரவு அது. பாப் இசை வரலாற்றில் ஏதாவது ஒரு ராத்திரிக்குள் ஒளிந்திருந்து எட்டிப்பார்க்கலாம் என்று எனக்கு யாராவது வரம் கொடுத்தால், யோசிக்கவே மாட்டேன், இதைத்தான் கேட்பேன்.

இயக்குநர் ஜோஹன் காமிட்ஸ் ஸ்வீடன்காரர், விளம்பரப் படங்களில் பெயர் எடுத்தவர். முதலில் போட்ட திட்டமே வேறு. ஸ்பெயின், பார்சிலோனா நகரம், அங்கே அழகான ஒரு கட்டடம். எல்லாம் பேசி வைத்த நிலையில் அனுமதி கிடைக்கவில்லை! அவசர அவசரமாக லண்டனிலேயே இடம் தேடியதில் கிடைத்ததுதான் இந்தப் பாழடைந்த ஹோட்டல். மேட்டுக்குடி விருந்து ஒன்று நடக்கிறது. அழைப்பில்லாமல் ஐந்து பெண்கள் உள்ளே புகுந்து அதைக் கலகலக்க வைத்துவிட்டு ஓடுகிறார்கள். கதை இவ்வளவுதான். ஆனால் வெட்டில்லாமல், ஒரே ஓட்டமாகத் தெரிய வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார்கள். அங்கேதான் வந்தது வம்பு!

இதற்கு ஸ்டெடிகேம் வேண்டும். ஒளிப்பதிவாளர் கேமராவைத் தன் உடம்போடு கட்டிக்கொண்டு கூடவே ஓடுவார்; அவர் குலுங்கினாலும் படம் குலுங்காது. நடுவில் யாராவது சொதப்பினால் மறுபடி வாசலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதனால்தான் விடிய விடிய ஒத்திகை. ஐவரில் ஒருவரான ஜெரி காலில் உயரமான ஹீல்ஸ். அந்த ஹீல்ஸோடு அந்தப் படிகள்! அவர் உடம்பில் மினுமினுத்த சீக்வின் உடை டிசைனர் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். நாட்டிங் ஹில் சந்தையில் 20 பவுண்டுக்கு வாங்கியது. விக்டோரியா சின்னக் கறுப்பு உடையில், எம்மா வெள்ளையில், மெலனி சி வழக்கமான டிராக் பேண்டில். விருந்தினர்களுக்கு நடுவே இருக்கும் மேஜை மேல் ஏறி, பின்பக்கமாக ஒரு குட்டிக்கரணம் போடுகிறாரே மெலனி, அதில் கேமரா தந்திரம் ஏதும் கிடையாது. எதிலும் மோதாமல் அந்த மேஜை மேலேயே காலூன்றி நிற்கிறார். அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் எனக்கு மூச்சு நின்று வருகிறது!

வீடியோவைத்தான் இப்படி ராத்திரி முழுக்க எடுத்தார்கள். பாட்டு பிறந்ததோ அரை மணி நேரத்தில். 1994 கடைசியில், லண்டனின் நோமிஸ் ஸ்டூடியோவில், பாடலாசிரியர்களையும் தயாரிப்பாளர்களையும் அழைத்துத் தங்களைக் காட்டிக்கொள்ள ஒரு நிகழ்ச்சி வைத்திருந்தார்கள் இந்தப் பெண்கள். தயாரிப்பாளர் ரிச்சர்ட் ஸ்டான்னார்ட் அங்கே வந்ததே வேறு வேலையாக. நடைவழியில் ஓடிவந்த ஐந்தாவது பெண் மெல் பி, அவர் கவனத்தை அப்படியே இழுத்துவிட்டாராம்! அப்படி ஆரம்பித்த பழக்கம், அடுத்த ஆண்டு ஷோர்டிச்சில் இருக்கும் ஸ்ட்ராங்ரூம் ஸ்டூடியோவில் வந்து நின்றது. ஸ்டான்னார்டின் கூட்டாளி மாட் ரோ, எம்பிசி 3000 டிரம் மெஷினில் வேகமான ஒரு தாளத்தைச் சுழலவிட்டார். 'கிரீஸ்' படத்து டூயட் ஒன்றின் துள்ளல் அதில் இருப்பதாக ஸ்டான்னார்டுக்குப் பட்டது. அவ்வளவுதான், ஆளுக்கு ஒரு வரி, ஆளுக்கு ஒரு கேலி, கூச்சல், சிரிப்பு. அரை மணியில் பாட்டு ரெடி.

இதில் விக்டோரியாவுக்குத்தான் ஏக வருத்தம். அன்றைக்கு அவர் ஊரில் இல்லை. மற்ற நால்வரும் ஸ்டூடியோவில் கும்மாளம் போட, அவர் போனிலேயே கேட்டு, போனிலேயே யோசனை சொன்னார். பாட்டை இப்போது கேட்டுப் பாருங்கள்: மற்ற நால்வருக்கும் தனி வரிகள் இருக்கின்றன, விக்டோரியாவின் குரல் மட்டும் கூட்டத்தோடு கூட்டமாகக் கரைந்திருக்கும். பின்னாளில் பெக்கம் குடும்பத்து மகாராணியாகப் போகிறவர், தன் மிகப் பெரிய ஹிட்டில் தனியாகக் கேட்கவே மாட்டார்!

ஆரம்பத்தில் தடதடவென்று ஓடிவரும் காலடிச் சத்தம், அதைத் தொடர்ந்து வெடிக்கும் சிரிப்பு. இரண்டும் மெல் பி உபயம். மைக்கை நோக்கி ஓடி வந்ததை அப்படியே பதிவு செய்து அப்படியே விட்டுவிட்டார்கள். மெருகேற்றுகிறேன் என்று யாராவது அதைத் துடைத்திருந்தால்? நினைத்தாலே பகீர் என்கிறது.

துடைக்கத்தான் பார்த்தார்கள்! அவர்களின் இசைக் கம்பெனியான வர்ஜின் ரெக்கார்ட்ஸின் பெரிய தலைகளுக்கு இதை முதல் பாட்டாக வெளியிட மனசே இல்லை. 'சே யூல் பி தேர்' பதமாக இருக்கிறது, 'லவ் திங்' நயமாக இருக்கிறது, அதில் ஒன்றை விடலாமே என்றார்கள். மெல் பியும் ஜெரியும் பிடித்த பிடியை விடவில்லை. கம்பெனி அமெரிக்காவில் டேவ் வே என்பவரை வைத்து ஆர் அண்ட் பி வாசனையோடு ஒரு மிக்ஸ் போட்டுப் பார்த்தது. பெண்களுக்குப் பிடிக்கவே இல்லை, தூக்கிப் போட்டார்கள். கடைசியில் மார்க் 'ஸ்பைக்' ஸ்டென்ட் கைபட்டுத்தான் நாம் கேட்கிற வடிவம் வந்தது.

அதற்குப் பிறகு வீடியோவைப் போட்டுக் காட்டினால், வர்ஜின் ஆட்கள் அதிர்ந்தே போனார்கள். ஒரே இருட்டு! பெண்கள் கண்டவர் மேலெல்லாம் மோதுகிறார்கள்! மெல் பியின் மெல்லிய மேலாடை வழியே குளிரின் வேலை வேறு தெரிகிறது! இதை எந்தச் சேனல் போடும்? பெண்கள் அசையவில்லை. வீடியோ அப்படியே 'தி பாக்ஸ்' என்ற கேபிள் சேனலுக்குப் போனது. பார்க்கிறவர்கள் காசு செலவழித்து போன் போட்டு, பிடித்த வீடியோவைக் கேட்டு வாங்கும் சேனல் அது. போன்கள் ஓயவே இல்லை! உச்சத்தில் வாரத்துக்கு 70 முறை வரை அந்த வீடியோ ஓடியது. கம்பெனிக்காரர்கள் பயந்த அதே இருட்டும் மோதலும்தான் பிள்ளைகளுக்கு வேண்டியிருந்தது. நம்மைப் போலவே ஐந்து பேர், ஒழுங்காக நிற்கக்கூட முடியாமல் சிரிக்கிறார்களே என்று விழுந்துவிட்டார்கள். இந்த வெற்றியில் எனக்கு ரொம்பப் பிடித்த பக்கம் இதுதான்.

ஜூலை 8 அன்று சிங்கிள் வெளியானது. பிரிட்டிஷ் பட்டியலில் நுழைந்ததே 3ஆம் இடத்தில். அடுத்த வாரம் பாடகர் கேரி பார்லோவை இறக்கிவிட்டு முதலிடம், அங்கேயே ஏழு வாரம். அதே ஜூலையில் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' பத்திரிகை ஆசிரியர் பீட்டர் லோரேன் ஐவருக்கும் செல்லப் பெயர் சூட்டினார்: ஸ்கேரி, ஸ்போர்ட்டி, பேபி, ஜிஞ்சர், பாஷ். பத்திரிகையில் ஒரு பக்கத்துக்காக விளையாட்டாக வைத்த பெயர்கள், சொந்தப் பெயர்களையே பின்னுக்குத் தள்ளிவிட்டன. 2014இல் மான்செஸ்டர் அறிவியல் அருங்காட்சியகமும் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து, பாட்டை எவ்வளவு சீக்கிரம் அடையாளம் கண்டுபிடிக்கிறார்கள் என்று 12,000 பேருக்கு மேல் சோதித்துப் பார்த்தார்கள். முதலிடம் 'வான்னபி'க்கு, சராசரியாக 2.29 விநாடி! எல்லாம் அந்தச் சிரிப்பும் துள்ளலும் செய்த மாயம் என்பது என் கட்சி.

1997 பிப்ரவரியில் அமெரிக்காவிலும் முதலிடம், நான்கு வாரம். அந்தக் கொண்டாட்டத்துக்கு நடுவிலேயே, பிப்ரவரி 24 அன்று லண்டனில் பிரிட் விருது விழா. சிறந்த பிரிட்டிஷ் சிங்கிள் விருது 'வான்னபி'க்கு! அன்று மேடையேற ஜெரிக்குக் கொடுத்திருந்தது வெறும் கறுப்பு நிற கூச்சி உடை. சப்பென்று இருக்கிறதே என்று நினைத்தவர், பிரிட்டிஷ் கொடி அச்சிட்ட ஒரு சமையலறைத் துண்டை எடுத்து, அக்கா கேரனிடம் கொடுத்து முன்பக்கத்தில் தைக்கச் சொல்லிவிட்டார். மறுநாள் எந்தப் பத்திரிகையைத் திறந்தாலும் அந்தத் துண்டுதான்! அடுத்த ஆண்டு சோத்பிஸ் ஏலத்தில் அந்த உடையை 41,320 பவுண்டுக்கு லாஸ் வேகஸ் ஹார்ட் ராக் ஹோட்டல் அள்ளிக்கொண்டு போனது.