விழத் தெரிந்த உடல்

உலக நலவாழ்வு அமைப்பின் கணிப்புப்படி ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்து உயிரிழக்கின்றனர். விபத்து மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். தற்காப்புக் கலை பயின்றால் தன்னம்பிக்கையும் ஒழுக்கமும் பெருகும் என்ற விளம்பர வாசகங்களை அளந்து சரிபார்ப்பது கடினம். ஆனால், ஜூடோ மாணவர் தொடக்கத்திலேயே பழகும் 'உகெமி', அதாவது அடிபடாமல் விழும் முறை, அன்றாட வாழ்வுக்குப் பயன்படுமா என்பதை ஆய்வுக்கூடத்தில் அளக்க இயலும், அளந்தும் பார்த்திருக்கிறார்கள்.

பழைய ஜுஜுட்சு தற்காப்பு முறைகளைச் சீரமைத்து ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ, 1882இல் டோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில் கோடோகன் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். 1964இல் ஜூடோ ஒலிம்பிக்கில் நுழைந்தது. வரலாறு இவ்வளவு போதும். விழுதலின் இயற்பியலே இங்கு முதன்மையானது.

ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் உடல், நொடிக்கு ஏறத்தாழ 4.4 மீட்டர் வேகத்தில் தரையைத் தொடுகிறது. அந்த வேகம் 2 சென்டிமீட்டருக்குள் அடங்கினால், எடையைப்போல் ஏறத்தாழ 50 மடங்கு விசை தாக்கும். 10 சென்டிமீட்டர் வரை நீண்டு அடங்கினால் அது 10 மடங்காகக் குறையும். அரிசி மூட்டையை இறக்கும் சுமைத் தொழிலாளி இதைத்தான் செய்கிறார்: மூட்டையைத் தொப்பென்று போட்டால் தையல் பிரியும் என்பதால், முதுகிலிருந்து சரித்து, ஒரு முனையை முதலில் தரையில் பதித்து, பிறகு மெல்லச் சாய்த்துக் கிடத்துகிறார். ஜூடோ பயின்றவரின் உடலே மூட்டையாகவும் தொழிலாளியாகவும் இயங்குகிறது. முழங்கால் மடங்குவது சரிவு, முதலில் படியும் தொடையின் பக்கம் மூட்டையின் முனை, வளைந்து உருளும் முதுகு சாய்ந்து கிடக்கும் பரப்பு, தசை உள்ளே நகர்ந்து இடங்கொடுக்கும் அரிசி, இடுப்பெலும்பு காக்கப்பட வேண்டிய தையல். மோவாயை நெஞ்சோடு ஒட்டவைத்துக்கொள்வதால் பின்னந்தலை தரையில் மோதாது. பழகாதவரோ கையை விறைப்பாக நீட்டி ஊன்றுவதால், பாரம் முழுவதும் மணிக்கட்டில் இறங்கி எலும்பு முறியக்கூடும்.

நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வொன்றில், தேர்ந்த ஜூடோ வீரர்கள் 6 பேர் முழங்காலிட்ட நிலையிலிருந்து பக்கவாட்டில் விழுந்தனர். கையை ஊன்றி விழுவதோடு ஒப்பிட, ஜூடோ முறையில் இடுப்பைத் தாக்கும் விசை கையின் உதவியோடு 27.5 விழுக்காடும், கையின் உதவியின்றி 30 விழுக்காடும் குறைந்தது. ஜூடோவின் அடையாளமாகக் கருதப்படும், தரையை ஓங்கி அறையும் கை இல்லாமலேயே இடுப்பு காக்கப்பட்டது என்பது இந்த ஆய்வின் அருமையான முடிவு. உடல் உருண்டு விழுவதே உண்மையான கவசம்.

எனினும், தேர்ந்த 6 வீரர்கள் முழங்காலிட்ட நிலையிலிருந்து விழுந்து காட்டியதை, ஈரமான குளியலறையில் வழுக்கும் முதியவருக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. விழுதல் ஒரு நொடிக்குள் முடிந்துவிடுவதால், எண்ணிப் பார்த்து உடலை மடக்க நேரமில்லை. பலமுறை பழகி, அனிச்சையாகவே மாறிய அசைவு மட்டுமே அப்போது கைகொடுக்கும். பயிற்சியும் ஆபத்தற்றதன்று, ஜப்பானியப் பள்ளிகளில் ஜூடோ பயிலும்போது தலையில் அடிபட்டு மாணவர்கள் இறந்திருக்கிறார்கள். ஆகவே, எலும்பு தேய்ந்த முதியவர்கள் வீட்டுத் தரையில் இதை முயலவே கூடாது. இளையோர், தகுந்த பயிற்றுநரிடம், தடித்த மெத்தைமீது, எதிராளியை வீழ்த்தக் கற்பதற்கு முன் விழக் கற்க வேண்டும்.