பளபளக்கும் தரைக்குப் பின்னால்

சிங்கப்பூரின் கடைத்தொகுதிகள், கிடங்குகள், வாகன நிறுத்துமிடங்கள், உணவகங்கள் ஆகியவற்றுள் சிலவற்றில் இப்போது தரைக்கு ஓடு பதிப்பதில்லை. அடியில் இருக்கும் கான்கிரீட்டையே அரைத்து, மெருகேற்றிக் கண்ணாடிபோல் மின்னும்படி விட்டுவிடுகிறார்கள். பழைய கடைவீடுகளிலும் வீவக வீடுகளிலும் காணப்படும், சலவைக்கல் துண்டுகள் பதித்த டெராஸ்ஸோ தரையும் இதே முறையில் அரைக்கப்பட்டதுதான். தமிழ்நாட்டில் அதை மொசைக் தரை என்பார்கள்.

இந்த வேலையைச் செய்யும் இயந்திரத்தைக் கட்டுமான ஊழியர்கள் 'கிரைண்டர்' என்றே அழைக்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் வீட்டில் இட்லிக்கு மாவரைக்கும் கிரைண்டர் நினைவுக்கு வரலாம். பெயர் ஒன்றானாலும் ஆள் வேறு. பெரிய தரை கிரைண்டர் ஒன்றின் எடை 300 கிலோவையும் தாண்டும். பின்னால் நடந்து தள்ளிச் செல்லும் வகையில் அதற்கு நீண்ட கைப்பிடி இருக்கும். பெரும்பாலான பெரிய இயந்திரங்களுக்கு, வீட்டுச் சுவரில் இருக்கும் மின்செருகி போதாது. தொழிற்சாலைகளில் பயன்படும் மும்முனை மின்சாரம் வேண்டும்.

இயந்திரத்தின் அடியில் ஒரு பெரிய வட்டத்தட்டு உண்டு. அதில் மூன்று அல்லது நான்கு சிறிய தட்டுகள் பொருத்தப்பட்டிருக்கும். பூமி தன்னைத்தானே சுற்றிக்கொண்டு சூரியனையும் சுற்றுவதுபோல், சிறிய தட்டுகள் சுழன்றுகொண்டே பெரிய தட்டோடு சேர்ந்தும் சுற்றுகின்றன. பல இயந்திரங்களில் இவ்விரண்டும் எதிரெதிர்த் திசைகளில் சுழலும். அதனால் இழுவிசை ஓரளவு சமன்படுகிறது. ஒரே தட்டு கொண்ட இயந்திரமோ ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். அதைப் பிடித்து ஓட்டுபவரின் தோளும் முதுகும் மாலைக்குள் சோர்ந்துவிடும்.

சிறிய தட்டுகளில் பொருத்தப்படும் பற்கள்தாம் தரையை உண்மையில் அரைக்கின்றன. உலோகப் பொடியோடு வைரத் துகள்களைக் கலந்து, சூடாக்கி அழுத்தி இவற்றைச் செய்கிறார்கள். நகைக்கடை வைரம் இல்லை; தொழிற்சாலையில் உருவாக்கப்படும் வைரம். கனிமங்களின் கடினத்தன்மையைக் காட்டும் மோஸ் அளவுகோலில் வைரத்திற்கு 10; கான்கிரீட்டில் உள்ள மணலுக்கும் கருங்கல்லுக்கும் உறுதி தரும் குவார்ட்சுக்கு 7.

கடினமான தரைக்குக் கடினமான பல்தான் பொருந்தும் என்று புதிதாக வேலைக்கு வருபவர்கள் நினைப்பதுண்டு. உண்மை நேர்மாறானது. கடினமான தரைக்கு மென்மையான உலோகத்தில் பதித்த பல்லையும், மென்மையான தரைக்குக் கடினமான உலோகத்தில் பதித்த பல்லையும் பொருத்த வேண்டும். அம்மியை அறிந்தவர்களுக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். நாள்பட அரைத்த அம்மி வழுவழுப்பாகிவிட்டால் மசாலா அரைபடாமல் வழுக்கும். உளியால் கொத்திச் சொரசொரப்பாக்க வேண்டும். கிரைண்டரின் பல்லும் அப்படித்தான். மேலே இருக்கும் வைரம் மழுங்கியதும், அதைப் பிடித்திருக்கும் உலோகம் தேய்ந்தால்தான் உள்ளிருக்கும் புதிய வைரம் வெளியே தலைகாட்டும். கடினமான கான்கிரீட்டிலிருந்து மாவுபோல் நுண்ணிய தூள்தான் வருகிறது. அது உலோகத்தை அதிகம் தேய்க்காது. ஆகவே எளிதில் தேயும் உலோகம் தேவை. மென்மையான கான்கிரீட்டிலிருந்து மணல் மணலாக வரும் தூளோ உலோகத்தை வேகமாகத் தின்றுவிடும். அங்கே மென்மையான பல்லைப் பொருத்தினால், சில மணி நேரத்தில் விலையுயர்ந்த பற்கள் கரைந்துபோகும்.

பணத்தோடு மட்டும் இது நிற்பதில்லை. தவறான பல் பொருத்தப்பட்டால் தரை அரைபடாது. பொறுமை இழந்த ஊழியர் கூடுதல் எடையை ஏற்றுவார்; அல்லது இயந்திரத்தின் மேல் சாய்ந்து அழுத்துவார். பற்கள் சூடேறும், இயந்திரம் துள்ளும், தட்டைப் பிடித்திருக்கும் பாகங்கள் தளரும். விபத்துக்கான பாதை பெரும்பாலும் இப்படிச் சாதாரணமான ஓர் அவசரத்தில்தான் தொடங்குகிறது.

எனவே அனுபவமுள்ள ஊழியர் இயந்திரத்தை முடுக்குவதற்கு முன் தரையைத்தான் முதலில் பார்ப்பார். பழைய இயந்திரங்களையோ அலமாரிகளையோ பிடித்திருந்த திருகாணிகள் தரையில் நீட்டிக்கொண்டிருக்கலாம். கட்டைவிரல் அளவுள்ள ஓர் இரும்பு முனை போதும், சுழலும் பல் ஒன்றைப் பெயர்த்து எறிவதற்கு. அவற்றை வெட்டி எடுத்த பிறகே வேலை தொடங்கும். அடுத்து, எல்லாத் தட்டுகளிலும் ஒரே வகைப் பற்கள், ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பார். ஒன்று மட்டும் புதிதாக, மற்றவை தேய்ந்தவையாக இருந்தால் இயந்திரம் தள்ளாடும். தரையிலும் பிறை பிறையாகக் கீறல் விழும். பற்களை மாற்றும்போது மின்விசையை அணைத்தால் மட்டும் போதாது; மின்செருகியைக் கழற்றி, அது தன் கண்பார்வையில் இருக்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும். இயந்திரத்தைச் சாய்த்து இருவர் அடியில் கை வைத்திருக்கும் நேரத்தில், தூரத்தில் இருக்கும் மூன்றாமவர் விசையைப் போட்டுவிடக்கூடும். இப்போதுதான் நின்ற இயந்திரம் என்றால் பற்கள் கையைச் சுடும் அளவு சூடாக இருக்கும். கையுறை இல்லாமல் தொடக்கூடாது.

மின்கம்பியையும் மறந்துவிடக்கூடாது. கம்பியைப் பின்புறமாக ஒதுக்கிவிட்டு முன்னோக்கி நடப்பதே வழக்கம். திரும்பும்போது கவனம் தவறினால் இயந்திரம் தன் கம்பியையே அரைத்துவிடும். ஈரமாக அரைக்கும் வேலையில் தரை முழுவதும் தண்ணீர் இருப்பதால் ஆபத்து பல மடங்கு. மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் கருவி ஒன்று இணைப்பில் இருப்பது கட்டாயம். பெட்ரோலிலோ எரிவாயுவிலோ இயங்கும் கிரைண்டர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அவை வெளியிடும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. சன்னல் மூடிய அறையில் அது ஊழியரை மயங்கி விழச் செய்யும்.

இவை எல்லாம் உடனே தெரியும் ஆபத்துகள். பல ஆண்டுகள் கழித்துத் தெரியும் ஆபத்து தூசியில் இருக்கிறது.

கான்கிரீட்டில் உள்ள மணலும் கருங்கல்லும் சிலிக்கா நிறைந்தவை. அரைக்கும்போது அது மிக நுண்ணிய துகளாகி காற்றில் கலக்கிறது. மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். நுரையீரலின் ஆழம்வரை செல்லக்கூடிய சிலிக்கா துகளோ 10 மைக்ரானுக்கும் குறைவு. பெரிய துகள்களை மூக்கு தடுத்துவிடும். தும்மலும் சளியும் வெளியேற்றிவிடும். சிறியவை காற்றுப்பைகளை எட்டுகின்றன. அங்கே உடலின் காவலர்களான வெள்ளணுக்கள் அவற்றை விழுங்குகின்றன. ஆனால் கல்லைச் செரிக்க முடியுமா? அணு இறக்கிறது, துகள் வெளிவருகிறது, வேறோர் அணு அதை விழுங்குகிறது. இப்படியே தொடர்ந்து, அந்த இடம் புண்ணாகித் தழும்பாகிறது. தழும்பான நுரையீரல் விரியாது. இந்நோயின் பெயர் சிலிக்கோசிஸ். பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கும் மேலான பின்னரே மூச்சுத்திணறல் தொடங்கும். தூசியின் அளவு மிக அதிகமானால் இன்னும் முன்பே வரும். நோயை முற்றிலும் குணப்படுத்த மருந்தில்லை. இந்நோய் உள்ளவர்களைக் காசநோய் எளிதில் தொற்றும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, சிலிக்கா தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 1997இல் வகைப்படுத்தியது.

சிங்கப்பூருக்கு இந்நோய் புதியதன்று. புக்கிட் தீமா, புலாவ் உபின் பகுதிகளில் கருங்கல் உடைக்கும் சுரங்கங்கள் இயங்கிய காலத்தில், அங்கு உழைத்தவர்கள் பலருக்குச் சிலிக்கோசிஸ் வந்தது. அந்தச் சுரங்கங்கள் மூடப்பட்டுப் பூங்காக்களாகவும் நீர்நிலைகளாகவும் மாறிவிட்டன. ஆனால் அதே கல்லை, அதே தூசியை, கட்டடத்துக்குள் நின்று அரைக்கிறது கிரைண்டர். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஊழியர்கள் பலர் சிங்கப்பூர்க் கட்டுமானத் துறையில் வேலை செய்கிறார்கள். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பிய பல ஆண்டுகளுக்குப் பிறகு மூச்சு வாங்கும்போது, அதற்கும் சிங்கப்பூரில் அரைத்த தரைக்கும் உள்ள தொடர்பை அங்குள்ள மருத்துவர் எப்படி அறிவார்?

தூசியைக் கண்ணால் அளக்க முடியாது என்பதுதான் பெரிய சிக்கல். அரைத்து முடித்ததும் வெள்ளைப் புகை அடங்கி அறை தெளிந்துவிடும். உடனே முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் குடிக்கத் தோன்றும். அடங்கியது பெரிய துகள்கள் மட்டுமே. நுண்துகள்கள் மணிக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். அதனால்தான் தூசியைப் பறக்கவிட்டுப் பிறகு மூக்கை மூடுவதைவிட, கிளம்பும் இடத்திலேயே அதைப் பிடிப்பது மேலானது. தட்டைச் சுற்றி ரப்பர் அல்லது தூரிகையாலான ஒரு பாவாடை தரையைத் தொட்டபடி தொங்கும். அதன் உள்ளிருந்து தடித்த குழாய் ஒன்று தூசி உறிஞ்சும் இயந்திரத்துக்குச் செல்லும். அந்த உறிஞ்சியில் ஹெப்பா வடிகட்டி இருக்க வேண்டும். 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 விழுக்காட்டை அது தடுக்கும். வீட்டில் பயன்படுத்தும் சாதாரண உறிஞ்சி இங்கு உதவாது. முன்பக்கம் உறிஞ்சிய நுண்துகளைப் பின்பக்கம் அறைக்குள்ளேயே ஊதிவிடும்.

இதன் பிறகும் முகக்கவசம் தேவைதான். ஆனால் அது கடைசி அரண். முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தினால்தான் அதற்குப் பயன் உண்டு. அடர்ந்த தாடி இருந்தால் ஓரங்களின் வழியே காற்று நுழைந்துவிடும். மூக்கில் கட்டிய கைக்குட்டையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தண்ணீர் ஊற்றி அரைத்தால் தூசி பறக்காது. டெராஸ்ஸோ தரைகள் பெரும்பாலும் அப்படித்தான் அரைக்கப்பட்டன. ஆனால் அதில் உருவாகும் சாம்பல் நிறச் சேறு காரத்தன்மை உடையது. தோலில் நெடுநேரம் பட்டால் புண்ணாக்கும். அதை வடிகாலில் ஊற்றிவிட்டால் நீர்வழிகள் மாசடையும். தரையிலேயே காயவிட்டாலோ மறுநாள் யார் நடந்தாலும் அதே தூசி மீண்டும் கிளம்பும். சேற்றை ஈரமாக இருக்கும்போதே வாரி, மூடிய கலனில் சேர்க்க வேண்டும்.

பழைய கட்டடங்களில் இன்னொரு பொறியும் உண்டு. முன்பு வினைல் ஓடுகளிலும், அவற்றை ஒட்டிய கறுப்புப் பசையிலும் கல்நார் கலந்திருப்பதுண்டு. அதை அரைத்தால் புற்றுநோய் உண்டாக்கும் இழைகள் பறக்கும். ஆகவே 1991ஆம் ஆண்டு தொடங்குவதற்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களைப் புதுப்பிக்கும் முன், கல்நார் உள்ளதா என்று ஆய்வு செய்ய வேண்டும் எனச் சிங்கப்பூர் விதிமுறைகள் கூறுகின்றன. ஓட்டைப் பெயர்க்கும்போது கறுப்புப் பசை தென்பட்டால் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பதே சரி. 2006ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் ஊழியரைப் பாதுகாக்கும் பொறுப்பை முதலாளியிடம் வைத்திருக்கிறது. ஊழியருக்கும் அதில் கடமைகள் உண்டு.

ஒலியையும் கணக்கில் கொள்ள வேண்டும். 85 டெசிபல் அளவுள்ள ஒலியை ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு மேல் கேட்கக்கூடாது என்பது இங்குள்ள வரம்பு. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும்: 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2 மணி நேரம். கிரைண்டரும் உறிஞ்சியும் சேர்ந்து இயங்கும் அறையில் இந்த அளவு எளிதில் தாண்டிவிடும். காதுக் காப்பு அணிந்தவருக்குப் பின்னாலிருந்து கூப்பிடுவது கேட்காது. எனவே சைகைகளை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வார்கள்.

மாலையில் வேலை முடிந்தாலும் இயந்திரத்தின் வேலை முடிவதில்லை. கிரைண்டரை நிறுத்திய பிறகு உறிஞ்சியைச் சில நிமிடங்கள் ஓடவிட்டால் குழாயில் தங்கிய தூசி உள்ளே போய்விடும். இயந்திரத்தின் மேல் படிந்ததைத் துடைப்பத்தாலோ காற்றுக்குழாயாலோ தட்டக்கூடாது. உறிஞ்சியால் எடுக்க வேண்டும், அல்லது ஈரத்துணியால் துடைக்க வேண்டும். சட்டையில் இருக்கும் தூசியையும் அப்படித்தான். நாள் முழுவதும் கவனமாக இருந்துவிட்டு, கடைசியில் காற்றுக்குழாயால் சட்டையைத் தட்டிக்கொள்பவர்கள், அதுவரை தவிர்த்ததை ஒரே நிமிடத்தில் சுவாசித்துவிடுகிறார்கள். பிறகு பாவாடை கிழிந்திருக்கிறதா, வடிகட்டி அடைத்திருக்கிறதா, வார்ப்பட்டை தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். சுழல் பாகங்களைக் காக்கும் அடைப்பு வளையம் தேய்ந்திருந்தால் தூசி உள்ளே புகுந்து பல்சக்கரங்களை அரிக்கும். அதைச் சரிசெய்யும் செலவோடு ஒப்பிட்டால் வளையத்தின் விலை ஒன்றுமில்லை.

குறை ஏதேனும் தென்பட்டால் குறிப்பேட்டில் எழுதி, இயந்திரத்தில் ஓர் அட்டையையும் கட்டிவிடுகிறார்கள். மறுநாள் காலை வேறொரு குழு வரும். கம்பியின் மேலுறையில் சிறு வெடிப்பு இருப்பது அவர்களுக்குத் தெரியாது. கைப்பிடியில் தொங்கும் அட்டையில் 'பயன்படுத்த வேண்டாம்' என்ற சொற்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் வங்காளத்திலும் எழுதப்பட்டிருந்தால், அவர்கள் மின்செருகியைத் தொடாமல் மேற்பார்வையாளரைத் தேடிப் போவார்கள்.