மண்ணை வளர்க்கும் மண்புழு எச்சம்

பரிணாமக் கொள்கையால் உலகறிந்த சார்லஸ் டார்வின், தாம் மறைவதற்கு முந்தைய ஆண்டான 1881இல் வெளியிட்ட கடைசி நூலை மண்புழுக்களுக்கே ஒதுக்கினார். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஆண்டுதோறும் ஏக்கருக்குப் 10 டன்னுக்கும் மிகுதியான மண், புழுக்களின் உடல் வழியே சென்று மேற்பரப்பை அடைகிறது என்று கணித்த அந்நூலில், நீலகிரி மலையில் எடுக்கப்பட்ட பெரிய எச்சக் கட்டி ஒன்றின் படமும் இடம்பெற்றுள்ளது. இயற்கை நிலத்தில் ஓயாமல் நடைபெறும் இவ்வேலையைத் தொட்டிக்குள் நடத்திப் பெறுவதே மண்புழு உரம்.

சாணத்தையும் இலைதழைகளையும் உண்ணும் புழு, அவற்றைத் தன் அரைவைப்பையில், அதாவது தசையால் ஆன தடித்த இரைப்பகுதியில், மணல் துகள்களின் உதவியுடன் அம்மியில் அரைப்பதுபோல் நுணுக்குகிறது. அரைபட்ட உணவு குடலைக் கடக்கும்போது நொதிகளும் நுண்ணுயிர்களும் அதைச் சிதைப்பதால், செடியின் வேரால் நேரடியாக உறிஞ்ச இயலாத நிலையில் இருந்த சத்துகளில் ஒரு பகுதி எளிதில் கரையும் வடிவத்துக்கு மாறுகிறது. குடலின் பிசுபிசுப்பான நீர்மம் பூசப்பட்டு வெளியேறும் எச்சம், நீர் பட்டாலும் எளிதில் கரைந்துபோகாத குருணைகளாக நிற்பதால், அது கலந்த மண்ணில் காற்றோட்டத்துக்கும் ஈரத்துக்கும் ஒருங்கே இடம் கிடைக்கிறது.

மண்புழு உரத்தில் தழைச்சத்து பொதுவாக ஒன்று முதல் இரண்டு விழுக்காடு அளவிலேயே இருக்க, யூரியாவில் அது 46 விழுக்காடாக இருப்பதால், எடைக்கு எடை ஒப்பிட்டு இவ்வுரத்தை எளியதாகக் கருதுவோர் உண்டு. ஆயினும் யூரியா தழைச்சத்து ஒன்றை மட்டுமே தருகிறது. மண்புழு எச்சமோ மணிச்சத்து, சாம்பல்சத்து, நுண்ணூட்டங்கள் ஆகியவற்றோடு, மட்கிய பொருளிலிருந்து உண்டாகி வேர் வளர்ச்சியைத் தூண்டும் ஹியூமிக் அமிலங்களையும் எண்ணற்ற நுண்ணுயிர்களையும் மண்ணில் சேர்க்கிறது. செடிக்கு ஒரு வேளை உணவிடுவதைவிட, செடிக்குத் தொடர்ந்து உணவளிக்கக்கூடியதாக மண்ணை ஆக்குவதிலேயே அதன் உண்மையான மதிப்பு அடங்கியிருக்கிறது.

எல்லா மண்புழுக்களும் உரத் தொட்டிக்கு ஏற்றவை அல்ல. மண்ணின் ஆழத்திலேயே வாழ்பவற்றை விடுத்து, மேற்பரப்பில் மட்கும் பொருள்களை உண்ணும் இனங்களே தேர்ந்தெடுக்கப்படுகின்றன. ஐசீனியா ஃபெட்டிடா, ஆப்பிரிக்காவைச் சேர்ந்த யூட்ரிலஸ் யூஜினியே ஆகிய அயல் இனங்கள் இந்தியாவில் பரவலாக வளர்க்கப்பட்டாலும், சென்னை நியூ கல்லூரியில் பேராசிரியராக இருந்த சுல்தான் அகமது இஸ்மாயில், பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ், லாம்பிட்டோ மௌரீட்டி என்னும் உள்நாட்டு இனங்களைப் பயன்படுத்துமாறு நெடுங்காலமாக வலியுறுத்தி வருகிறார்.

வீட்டளவில் உரம் தயாரிக்க, அடியில் வடிதுளை உள்ள தொட்டியை நிழலில் வைத்து, தென்னை நாரைப் பரப்பி, அதன்மேல் இரண்டு மூன்று வாரம் ஆறவைத்த சாணத்தையும் காய்ந்த இலைகளையும் காய்கறிக் கழிவுகளையும் அடுக்க வேண்டும். பச்சைச் சாணம் மட்கும்போது எழும் வெப்பம் புழுக்களைக் கொன்றுவிடும் என்பதாலேயே அது ஆறவைக்கப்படுகிறது. புழு தோல் வழியாக மூச்சு விடுவதால் படுக்கை எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். ஆனால் நீர் தேங்கினால் காற்றின்றிப் புழுக்கள் மடியும். உப்பு, எண்ணெய், இறைச்சி, மிகுதியான எலுமிச்சைத் தோல் ஆகியவற்றைத் தவிர்த்து, ஈரக் கோணியால் மூடி, எறும்பும் எலியும் அண்டாமல் காத்தால், ஏறக்குறைய இரண்டு மாதங்களில் கரும்பழுப்பு நிறமும் மழை நனைத்த மண்ணின் மணமும் கொண்ட உரம் கிடைக்கும். அறுவடைக்குச் சில நாள்கள் முன்பாக நீர் தெளிப்பதை நிறுத்தினால் புழுக்கள் ஈரம் தேடிக் கீழே இறங்கிவிடும்; மேலே உள்ள உரத்தை எளிதாக அள்ளிச் சலிக்கலாம்.

புதிய தொட்டிச் செடிகளுக்கு மண் கலவையில் ஐந்தில் ஒரு பங்கு இவ்வுரத்தைச் சேர்ப்பது போதுமானது. வளர்ந்த செடிகளுக்கு மாதம் ஒருமுறை ஓரிரு கைப்பிடி எடுத்து, தண்டைத் தொடாமல் சுற்றிலும் இட்டு, மேல்மண்ணோடு கிளறி நீர் விடலாம். உரத்தைக் கொளுத்தும் வெயிலில் உலர்த்தினால் அதிலுள்ள நுண்ணுயிர்கள் மடியும் என்பதால், சற்று ஈரத்துடன் நிழலில் சேமிப்பதே முறை. புழுப் படுக்கையின் வழியே மெல்ல வடித்தெடுக்கும் மண்புழு நீரைப் பத்து மடங்கு நீரில் கலந்து இலைகளில் தெளிப்பதும் வழக்கத்தில் உள்ளது.

தொட்டியில் உரம் விளைவிப்பதோடு நின்றுவிடாமல், தோட்ட மண்ணைக் காய்ந்த இலைகளால் மூடி, பூச்சிக்கொல்லியைத் தவிர்த்து, ஈரம் காத்து வந்தால், நிலத்துப் புழுக்கள் தாமாகவே பெருகி அதே வேலையைத் தரையில் தொடங்கும். வெளியிலிருந்து இடவேண்டிய உரத்தின் அளவு ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வரும்படி மண்ணை வளமாக்குவதே மண்புழு உரத்தைக் கையாளும் ஒவ்வொருவரின் இலக்காக இருக்க வேண்டும்.