சுட்ட தோட்டாவுக்கு மறுபிறவி

துப்பாக்கி வெடித்த மறுகணமே குண்டு இலக்கை நோக்கிப் போய்விடுகிறது. மருந்து எரிந்து தீர்ந்துவிடுகிறது. கடைசியில் மிஞ்சுவது, சுண்டு விரல் நுனியளவே உள்ள ஒரு பித்தளைக் கூடு. நம் நாட்டுப் போலீஸ் பயிற்சித் திடல்களில் அதை எண்ணிக் கணக்கு ஒப்படைப்பார்கள். அமெரிக்காவிலோ கைத்துப்பாக்கி சுடும் பழக்கமுள்ள பலர் அதைக் குனிந்து பொறுக்கி, பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். அங்கே அதைத் துலக்கி, சீராக்கி, புதிய மருந்தும் புதிய குண்டும் வைத்து மறுபடியும் தோட்டாவாக்கி விடுகிறார்கள்.

தேய்ந்த லாரி டயருக்குப் புது ரப்பர் ஒட்டி ‘ரீட்ரெட்’ செய்து ஓட்டுகிறோமே, கிட்டத்தட்ட அதே கதைதான். இதற்கு அங்கே ‘ரீலோடிங்’ என்று பெயர். கார் கொட்டகையின் ஒரு மூலையில் மேஜை போட்டு, விடுமுறை நாட்களில் மணிக்கணக்கில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்கிறார்கள். தபால்தலை சேர்ப்பது போல, தூண்டில் போடுவது போல இதுவும் ஒரு பொழுதுபோக்கு. ஆனால் தபால்தலையைத் தப்பாக ஒட்டினால் விரல் போகாது. இதில் போகும்.

நாலு பாகங்கள்

தோட்டா என்பது பார்வைக்கு ஒரே பொருள். பிரித்தால் நாலு. வெளியே பித்தளைக் கூடு. அதன் அடியில், நடுவே பதித்த சிறு ‘கேப்’. உள்ளே புகையில்லா வெடிமருந்து. வாயை அடைத்தபடி ஈயக் குண்டு. தீபாவளிக்குக் குழந்தைகள் பொம்மைத் துப்பாக்கியில் வைத்துச் சுடும் கேப்பை நினைத்துக்கொண்டால், தோட்டாவின் கேப்பும் அந்த வகைதான் என்பது புரியும். துப்பாக்கியின் ஊசி அதன் மேல் இடித்ததும் பொறி பறக்கிறது. பொறி மருந்தைப் பற்றவைக்கிறது. மருந்து எரிந்து உண்டாகும் வாயு குண்டைத் தள்ளுகிறது.

இந்த நாலில் கூடு ஒன்றுதான் பிழைத்து வெளியே வருகிறது. நாலில் விலை அதிகமான பாகமும் பெரும்பாலும் அதுதான். நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை அது. வெடிக்கும்போது விரிந்து துப்பாக்கியின் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாயு பின்பக்கம் கசியாமல் அடைக்கிறது. அழுத்தம் நீங்கியதும் சற்றுச் சுருங்கி, எளிதாகக் கழன்று வருகிறது. அழுத்தம் குறைந்த .38 ஸ்பெஷல் போன்ற தோட்டாக்களின் கூடுகள் பத்துத் தடவைக்கு மேல் கூடத் தாங்கும்.

கர்னல்கள் செய்த விந்தை

பழைய கேப்பைத் தட்டி எடுப்பது அமெரிக்கர்களுக்குச் சுலபமாக அமைந்ததற்குப் பின்னால் ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. 1866-ஆம் ஆண்டில் இரண்டு ராணுவ அதிகாரிகள் தனித்தனியே இரண்டு வகைக் கேப்புகளை உருவாக்கினார்கள். ஒருவர் அமெரிக்கரான ஹைரம் பெர்டான். மற்றவர் இங்கிலாந்துக்காரரான எட்வர்ட் பாக்ஸர். பாக்ஸர் முறையில் கூட்டின் அடியில், சரியாக நடுவே, ஒரே ஒரு துளை. ஒரு ஊசியை உள்ளே விட்டு அழுத்தினால் பழைய கேப் கழன்று விழும். பெர்டான் முறையில் சிறு துளைகள் இரண்டு, நடுவை விட்டு விலகி இருக்கும். ஊசி நுழையாது.

அமெரிக்கரின் கேப்பை ஐரோப்பிய ராணுவங்கள் எடுத்துக்கொண்டன. ஆங்கிலேயரின் கேப் அமெரிக்காவில் நிலைத்துவிட்டது. அப்படி இடம் மாறாமல் இருந்திருந்தால் அமெரிக்க வீடுகளில் இந்தப் பொழுதுபோக்கு இவ்வளவு பரவியிருக்குமா என்பது சந்தேகம்.

எல்லாத் தோட்டாவுக்கும் மறுபிறவி கிடையாது. .22 தோட்டாவில் கேப் தனியாக இல்லை. பொறி தரும் ரசாயனம் கூட்டின் விளிம்புக்குள்ளேயே பூசப்பட்டிருக்கிறது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் வெள்ளிப் பதக்கம் வென்ற 25 மீட்டர் விரைவுப் பிஸ்டல் போட்டியில் சுடுவது இந்த .22 வகைதான். ஒருமுறை சுட்டால் அதன் ஆயுள் முடிந்தது.

பட்டறைக்காரர்களுக்குப் பழகிய வேலை

பட்டறையில் பழகியவர்களுக்கு இந்த மேஜையைப் பார்த்ததும் பாதி விஷயம் விளங்கிவிடும். நெம்புகோல் வைத்த கைப் பிரஸ், அதில் மாட்டும் டைகள், ஒரு வெர்னியர் காலிப்பர், ஒரு நுண் தராசு. சுட்டபோது விரிந்துபோன கூட்டை டைக்குள் தள்ளிப் பழைய அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். அதே அழுத்தில் பழைய கேப்பும் விழுந்துவிடுகிறது. புதிய கேப் ஏறுகிறது. மருந்து விழுகிறது. குண்டு உட்காருகிறது. கடைசியில் நீளத்தைக் காலிப்பரில் சரிபார்க்கிறார்கள். ஒற்றைப் பிரஸ்ஸில் இப்படி மணிக்கு ஐம்பது முதல் நூறு வரை செய்யலாம். எல்லா வேலையும் வரிசையாக நடக்கும் பெரிய பிரஸ்ஸில் சில நூறு வரை முடியும்.

இதில் தராசுதான் முக்கியம். மருந்தைக் ‘கிரெயின்’ என்ற அளவில் நிறுக்கிறார்கள். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். ஒரு கிரெயின் ஏறக்குறைய 65 மில்லிகிராம். நம் பொற்கொல்லர்கள் அந்நாளில் நிறுத்த குன்றிமணியில் பாதியை விடச் சற்றே கூடுதல். சாதாரணக் கைத்துப்பாக்கித் தோட்டா ஒன்றுக்கு வேண்டிய மருந்து மூன்று குன்றிமணி எடைகூடத் தேறாது. அதைக் கிரெயினில் பத்தில் ஒரு பங்கு வரை பார்த்து நிறுக்க வேண்டும்.

சலவைக் கடையின் பின்னறையில்

இந்தத் தொழிலின் பெரிய பெயர்கள் சிலவும் வீட்டு மேஜையில் பிறந்தவைதாம். இரண்டாம் உலகப் போர் நடந்த 1943-ல், தனியார் சுடுவதற்குக் குண்டு கிடைக்காமல் திண்டாட்டம். கலிபோர்னியாவின் ஓரோவில் என்ற ஊரில் பிரெட் ஹன்டிங்டன் என்பவர், தம் தந்தையின் சலவைக் கடைப் பின்னறையில் ஒரு கருவி செய்தார். மறுபிறவி இல்லாத அந்த .22 காலிக் கூடுகளையே புதிய குண்டுகளுக்கு மேலுறையாக மாற்றும் கருவி அது. ‘ராக் சக் புல்லட் ஸ்வேஜ்’ என்று அதற்குப் பெயர். ராக் சக் என்பது அப்பகுதியில் வேட்டையாடப்படும் பெருச்சாளி போன்ற ஒரு பிராணி. அந்தப் பெயரின் முதலெழுத்துகளே பின்னர் ஆர்.சி.பி.எஸ். என்ற கம்பெனியின் பெயராயின. 1958-ல் விஸ்கான்ஸின் மாநிலத்தில் ரிச்சர்ட் லீ, பிரஸ்ஸே இல்லாமல் சுத்தியால் தட்டித் தோட்டா நிரப்பும் எளிய கருவியைத் தம் வீட்டுப் பட்டறையில் அமைத்தார். கையில் காசு குறைந்தவர்களும் இந்தப் பக்கம் வர அது வழிவிட்டது.

ஐடஹோ மாநிலத்து மாட்டுப் பண்ணைக்காரரும் எழுத்தாளருமான எல்மர் கீத், ஆலைத் தோட்டாவின் வேகம் போதாதென்று பல ஆண்டுகள் தாமே நிரப்பிச் சோதித்து வந்தார். தொடக்க காலச் சோதனை ஒன்றில் அவருடைய .45 துப்பாக்கி சிதறிப்போனது. ஆனாலும் அவர் விடவில்லை. அவருடைய வற்புறுத்தலின் பயனாக 1955 இறுதியில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், ரெமிங்டன் கம்பெனிகள் .44 மேக்னம் துப்பாக்கியையும் தோட்டாவையும் கொண்டுவந்தன.

மிச்சமா, செலவா?

இந்தப் பொழுதுபோக்கில் இறங்கும் பலரும் முதலில் சொல்லும் காரணம் சிக்கனம். கணக்கும் அதற்கு இடம் தருகிறது. ஒரு தோட்டாவுக்கு 5 கிரெயின் என்றால், ஒரு பவுண்டு மருந்தில் 1,400 தோட்டாக்கள் நிரப்பலாம். கூட்டுக்குச் செலவில்லை. விலையேறிய .44 மேக்னம் போன்றவற்றில் நல்ல மிச்சம். மலிவாகக் கிடைக்கும் 9 மி.மீ. வகையில் மிச்சம் சொற்பம்.

ஆனால் மாதக் கடைசியில் பணப்பை கனத்திருக்கிறதா? இல்லை என்று அவர்களே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொள்கிறார்கள். தோட்டா பாதி விலைக்கு வந்தால் இரண்டு மடங்கு சுடுகிறார்கள்! சேலைத் தள்ளுபடி விற்பனைக்குப் போய் வந்த குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

இன்னொரு உண்மையையும் காலம் காட்டிக் கொடுத்தது. கூட்டைப் பொறுக்கலாம். ஈயத்தை உருக்கிக் குண்டும் வார்க்கலாம். மருந்துக்கும் கேப்புக்கும் ஆலையைத்தான் நம்ப வேண்டும். 2020-ல் கொரோனா பரவியபோது அமெரிக்காவில் துப்பாக்கி வாங்குவோர் கூட்டம் பெருகியது. கேப் கடைகளிலிருந்து மறைந்தது. கிடைத்த இடத்தில் விலை எகிறியது. டப்பா டப்பாவாகக் கூடு சேர்த்து வைத்தவர்களும் கைகட்டி உட்கார வேண்டியதாயிற்று.

அங்கே பொழுதுபோக்கு, இங்கே சிறை

அமெரிக்காவின் 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, விற்பனைக்காகத் தோட்டா செய்யும் தொழிலுக்கு மத்திய அரசின் லைசென்ஸ் வேண்டும். தன் சொந்த உபயோகத்துக்கு நிரப்பிக்கொள்ள அது வேண்டாம். வீட்டில் எவ்வளவு வைக்கலாம் என்பதற்கு அந்நாட்டு தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் விதி இருக்கிறது: சாதாரணமாக மருந்து 20 பவுண்டு, கேப் 10,000.

நம் நாட்டு நிலைமை வேறு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் தோட்டா என்றால் முழுத் தோட்டா மட்டுமல்ல. அதன் பாகங்களும், அதைச் செய்யும் இயந்திரங்களும் கூட அந்தச் சொல்லுக்குள் அடங்கும். லைசென்ஸ் இல்லாமல் தயாரிப்பது குற்றம். 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்த தண்டனை ஏழு ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். ஆகவே வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஊருக்கு வரும்போது ‘வேடிக்கையாக இருக்கிறதே’ என்று இந்தச் சாமான்களில் ஒன்றைக்கூடப் பெட்டியில் போட்டுக் கொண்டுவராமல் இருப்பது நல்லது.

இங்கே இந்த வேலை பெரும்பாலும் அரசு ஆலைகளின் வேலை. புனேயை ஒட்டிய கட்கியில் 1869-ல் தொடங்கிய தோட்டாத் தொழிற்சாலை இருக்கிறது. நீலகிரியில் அருவங்காடு கார்டைட் தொழிற்சாலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து மருந்து தயாரித்து வருகிறது. 2021 அக்டோபர் முதல் இரண்டும் ‘முனிஷன்ஸ் இந்தியா லிமிடெட்’ என்ற அரசுக் கம்பெனியின் கீழ் வந்துவிட்டன.

பார்ப்பவரும் அவரே

ஆலை வேலைக்கும் வீட்டு மேஜைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இயந்திரத்தில் இல்லை. ஆலையில் செய்பவர் ஒருவர். அதைச் சோதிப்பவர் இன்னொருவர். ஆபீஸில் ஒரு குமாஸ்தா போட்ட கூட்டலை இன்னொருவர் டிக் அடித்துத்தான் மேலே அனுப்புவார். வீட்டில் தோட்டா நிரப்புபவருக்கு அந்த இரண்டாவது ஆள் இல்லை. செய்பவரும் அவரே, இன்ஸ்பெக்டரும் அவரே, அதை முகத்துக்கு நேரே பிடித்துச் சுடப்போகிறவரும் அவரே.

.38 ஸ்பெஷல் கூடு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அதிக இடம் பிடிக்கும் பழைய கரிமருந்துக்காக அமைந்தது. இன்றைய மருந்து அதில் ஒரு மூலைக்குத்தான் காணும். போன் மணி அடித்து எழுந்து போய்த் திரும்பி வந்தவர், ஏற்கெனவே நிரப்பிய கூட்டில் மறுபடி ஒரு அளவு போட்டாலும் அது வழியாது, வெளியே தெரியாது. 9 மி.மீ. தோட்டாவில் அனுமதித்த அழுத்தத்தின் உச்சமே சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. லாரி டயரில் அடிக்கும் காற்று சுமார் நூறு பவுண்டு. அதைப் போல 350 மடங்கைத் தாங்கும் இரும்பில் இரட்டை மருந்து வெடித்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

மருந்தே போடாமல் விட்டால் வேறு விதமான ஆபத்து. கேப்பின் வேகத்தில் குண்டு குழலுக்குள் பாதி வழி போய் மாட்டிக்கொள்ளும். ‘டமார்’ என்பதற்குப் பதில் ‘பொத்’ என்ற சத்தம்தான் கேட்கும். அதைக் கவனிக்காமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் பிளக்கும். ஈயத் தூசி இன்னொரு பக்கம். கை கழுவாமல் சாப்பிட உட்காரக் கூடாது, குழந்தைகளை அருகே விடக் கூடாது.

அதனால் இந்த மேஜைக்கென்று சில பழக்கங்கள் உண்டு. டெலிவிஷன் கிடையாது. குடித்துவிட்டு உட்காருவது கிடையாது. ஒரே நேரத்தில் ஒரே வகை மருந்து டப்பாதான் மேஜையில் இருக்கலாம். மருந்தின் அளவை அச்சிட்ட கையேட்டில் பார்த்துத்தான் போட வேண்டும். நண்பர் வாயால் சொன்ன அளவு உதவாது. மருந்து போட்ட ஐம்பது கூடுகளையும் தட்டில் வரிசையாக நிறுத்தி, விளக்கைக் காட்டி, ஒவ்வொன்றின் உள்ளேயும் மட்டம் பார்த்த பிறகே குண்டு வைக்க வேண்டும்.

இவற்றோடு இன்னொரு பழக்கமும் உண்டு. தோட்டத்தில் காய்த்த காயை அடுத்த வீட்டுக்குக் கொடுக்கலாம், கையால் பின்னிய ஸ்வெட்டரைப் பரிசளிக்கலாம். தான் நிரப்பிய தோட்டாவை மட்டும் பழுத்த அனுபவசாலிகள் யாருக்கும் கொடுப்பதில்லை. பிறர் நிரப்பியதை, அவர் இருபது வருடச் சிநேகிதரே ஆனாலும், வாங்கித் தங்கள் துப்பாக்கியில் போடுவதுமில்லை. நண்பர் கெட்டிக்காரர்தான். ஆனால் அன்றைக்கு அவர் வீட்டில் எத்தனை முறை போன் மணி அடித்தது என்று யாருக்குத் தெரியும்?